கல்லணைக்கு அருகிலும் ஒரு கடைமடை: ஊரக இணையமும் சேரியின் கடைசிக் கம்பமும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. தென்னைக்கும் வீட்டுக்கும் படகுக்கும் கணக்கெடுக்கப்பட்டது போலவே கம்பங்களுக்கும் கணக்கெடுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கம்பங்களின் இடுப்பில் கட்டப்பட்டிருந்த கருநிற வடங்கள் பேரிடர்க் கணக்கில் வரும் பொருளன்று. அவை உள்ளூர்க் கேபிள்காரர்களின் உடைமை. தொலைக்காட்சிக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் இணையத்தையும் சுமக்கத் தொடங்கியவை. கம்பம் விழுந்தால் வடமும் விழும். கம்பம் நட்டால்தான் வடம் ஏறும். மின்சாரம் திரும்பும் வரிசை எதுவோ, அதுவே இணையம் திரும்பும் வரிசையும் ஆகும். முதலில் உயரழுத்தத் தடம், பிறகு துணைமின் நிலையம், பிறகு நகரம், பிறகு ஊரின் பெரிய தெரு, கடைசியில் வயலுக்கு அப்பாலுள்ள குடியிருப்பு. இந்த வரிசையின் கடைசியில் வாழ்பவர்கள் யார் என்று காவிரிப் படுகையில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஊரகத்தின் சிறு இணையச் சேவையாளர்கள் ஏன் தாக்குப்பிடிக்கும் வலையமைப்பைக் கட்ட முடியவில்லை என்ற கேள்வி, தொழில்நுட்ப இதழ்களில் மூலதனம், அலைவரிசை, கட்டணப் போட்டி என்ற சொற்களில் பேசப்படுகிறது. அவை அனைத்தும் உண்மை. எனினும் தஞ்சைப் பகுதியில் நின்று பார்க்கும்போது, அந்தச் சொற்களுக்கு அடியில் ஊரும் சேரியும் என்ற பழைய வரைபடம் கிடக்கிறது. வலையமைப்பு எங்கே வலுவாக இருக்கும், எங்கே நொய்ந்திருக்கும் என்பதைப் பொறியாளர் தீர்மானிப்பதற்கு முன்பே அந்த வரைபடம் தீர்மானித்துவிடுகிறது.

பூதலூரை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் – திருச்சி இருப்புப்பாதையில் அமைந்த ஊர். 42 ஊராட்சிகளைக் கொண்ட ஒன்றியத்தின் தலைமையிடம். கல்லணை இவ்வட்டத்தில்தான் இருக்கிறது. காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரியும் இடம் அது. பாசனத்தின் மொழியில் சொன்னால் பூதலூர் தலைமடை. சூன் மாதத்தில் மேட்டூர் திறந்தால் இங்கே முதலில் தண்ணீர் வரும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கத்து உழவர் காத்திருப்பார். தலைமடைக்காரர் எடுத்தது போக மிஞ்சுவதே கடைமடைக்கு என்பது படுகையின் பாலபாடம். இணையத்துக்கும் ஒரு தலைமடை, ஒரு கடைமடை உண்டு. ஆற்றின் தலைமடையில் உள்ள ஒரு சேரி இணையத்தின் கடைமடையாக இருக்க முடியும். ஆற்றுநீருக்கு நெடுந்தொலைவில் நிகழும் பாகுபாடு இணையத்துக்கு அரைக் கிலோமீட்டருக்குள் நிகழ்ந்துவிடுகிறது.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. இன்று ஊர்களில் வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழை இணைப்பு பெரும்பாலும் மரக்கிளை வடிவிலானது. கேபிள்காரரின் அறையில் ஓ.எல்.டி. எனப்படும் தலைமைக் கருவி இருக்கும். அதிலிருந்து புறப்படும் ஒற்றை இழை, வழியில் ஸ்பிளிட்டர்களால் பிரிக்கப்பட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகும். இடைவழியில் எங்கும் மின்சாரம் வேண்டாம் என்பது இந்த அமைப்பின் பெருஞ்சிறப்பு. ஒளி தானாகப் பிரிந்து போகும். அதனால்தான் சிறிய முதலீட்டில் ஒரு கேபிள்காரரால் ஒரு பெரிய ஊரையே இணைக்க முடிகிறது. இதன் குறையும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. அடிமரத்தில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால் அதற்கு மேலுள்ள கிளைகள் அனைத்தும் பட்டுப்போகும். மாற்றுவழி கிடையாது. மாற்றுவழி வேண்டுமென்றால் வடம் வளையமாக ஓட வேண்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து ஒளி வர வேண்டும். வளையத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு வடம், இருமடங்கு கம்பம். மாதம் நானூறு ரூபாய்க்கு இணைப்பு விற்பவர் வளையம் கட்டுவதில்லை.

கிளையின் நுனியில் இருப்பவருக்கு ஆபத்து கூட்டலாக வந்து சேர்கிறது. அறையிலிருந்து அவர் வீடு வரையுள்ள ஒவ்வொரு கம்பமும், ஒவ்வொரு இணைப்புப் பெட்டியும், தாழத் தொங்கும் ஒவ்வொரு கெஜமும் அவருடைய ஆபத்து. படுகையில் அந்த ஆபத்துகள் புயல்நாளில் மட்டும் வருவனவல்ல. சம்பா அறுவடையில் வைக்கோல் ஏற்றிய லாரி வடத்தை இழுத்துச் செல்லும். கோடையில் வாய்க்கால் தூர்வாரும் பொக்லைன், மண்ணுக்குள் புதைத்ததைத் தோண்டிப் போடும். அணில் கடிக்கும். இடி இழையைத் தாக்காது. ஆனால் மின்கம்பி வழியே வீட்டிலுள்ள மோடத்தைச் சுட்டுவிடும். ஊரின் பெரிய தெருவில் இருப்பவருக்கும் இவை உண்டு. அவருக்குச் சில கம்பங்களின் ஆபத்து. சேரிக்காரருக்கோ அத்தனை கம்பங்களின் ஆபத்தும். மேலும், பெரிய தெருவில் அறுந்தால் நாற்பது வீட்டார் தொலைபேசியில் அழைப்பார்கள். சேரிக்குச் செல்லும் கிளை அறுந்தால் நான்கு பேர் அழைப்பார்கள். ஒரே ஒரு பணியாளரை வைத்திருக்கும் கேபிள்காரர் எங்கே முதலில் ஏணியைச் சாய்ப்பார்?

இங்கே சாதிவெறி வெளிப்படையாக எங்கும் தலைகாட்டாமலே இருக்கலாம். கேபிள்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போடும் கணக்கே சாதியின் நிலவியலை மறுபதிப்புச் செய்துவிடுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஐம்பது, அறுபதுகளில் தஞ்சைச் சிற்றூர்களை ஆய்ந்த கேத்லீன் கோவும் ஆந்த்ரே பெத்தேயும், அக்கிரகாரம், குடியானவர் தெரு, வயலுக்கு நடுவே தள்ளியிருக்கும் சேரி என்ற இட அமைப்பை விரிவாகப் பதிவு செய்தனர். அந்த இடைவெளி தீட்டைக் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. தீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசுவது குறைந்த பின்னும் இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று அது வடத்தின் நீளமாகவும் இணைப்புச் செலவாகவும் மறுபிறவி எடுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. சொல்லை நீக்க ஓர் அறிவிப்புப் போதும். கம்பம் நட அறிவிப்புப் போதாது.

கேபிள்காரரின் நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பெருமுதலாளி அல்லர். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ்த் தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்திவந்தவர். 2025 ஜனவரியில்தான் அந்தப் பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றிய அமைச்சகத்தில் இணையவழியில் என்று மாறியது. இணையம் விற்க அந்தப் பதிவு போதாது. நாடு முழுவதற்கும், ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், அதனினும் சிறிய பகுதிக்கும் என ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூவகை உரிமங்கள் இருக்கின்றன. ‘சி’ வகைக்கு நுழைவுக் கட்டணம் 20,000 ரூபாய்தான். ஆனால் ஆண்டுதோறும் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 8 விழுக்காடு உரிமக் கட்டணம், கணக்குத் தணிக்கை, வாடிக்கையாளர் பதிவேடு, கண்காணிப்பு நிபந்தனைகள் என அதன் பின்னால் வரும் சுமை, இருநூறு இணைப்பு வைத்திருப்பவர் தாங்கக்கூடியதன்று. எனவே அவர் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவராகிறார். ஒரு கணக்குக்காக, இருநூறு இணைப்பு, தலா 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 80,000 ரூபாய். அதில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, மேல்நிறுவனத்தின் பங்கு, கம்ப வாடகை, பணியாளர் ஊதியம், மின்தடைக்கான டீசல், எரிந்துபோன மோடங்கள் எல்லாம் போக எஞ்சுவதில்தான் குடும்பம் நடக்க வேண்டும். மாற்றுவழி வடமும் உபரி மின்கலமும் அந்த எச்சத்தில் எங்கே இருந்து முளைக்கும்?

கம்பத்தின்மீதும் அவருக்குத் தன் பெயரில் உரிமை இல்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டு 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வழியுரிமை விதிகள், உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரால்தான் பேசுகின்றன. மின்வாரியம் வடங்களை அறுக்க முடிவெடுத்தால் கேபிள்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் ஐதராபாத் இராமந்தாப்பூரில் தேர் ஊர்வலத்தில் மின்சாரம் பாய்ந்து ஐவர் இறந்தபின், அங்கே மின்வாரியம் கம்பங்களில் தொங்கிய இணைய வடங்களைக் கூட்டமாக அறுத்தெறிந்தது. பாதுகாப்புக் கேள்வி பொய்யன்று. 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் முறைப்படுத்தாமல் விட்டுவைப்பதும், ஒருநாள் அறுப்பதும், இரண்டுக்கும் நடுவே சிறு சேவையாளரைத் தொங்கவிடுவதும் கொள்கை ஆகாது.

அரசே நடத்தினால் சரியாகிவிடுமா? அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011இல் புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்குத் தொலைக்காட்சி தந்தபோது ஏழை வீடுகள் பயன்பெற்றன. அதே நிறுவனத்தின் செட்டாப் பெட்டிகள் 2022 நவம்பரில் இலட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் இருண்டன. புயலில்லை, மழையில்லை, மென்பொருள் வழங்கிய ஒப்பந்த நிறுவனத்துடனான தகராறே அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. ஒற்றைப் புள்ளியில் எல்லாம் தொங்கும் அமைப்பு, அரசுடையதாயினும் தனியாருடையதாயினும் அவ்வாறுதான் விழும். அன்று வாடிக்கையாளரிடம் வசை வாங்கியவர் யார்? மீண்டும் அதே கேபிள்காரர்தான்.

பாரத்நெட் இதற்கு விடையாக வந்திருக்க வேண்டிய திட்டம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்க 2018இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், அதாவது டான்பிநெட், உருவாக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் குறித்து அறப்போர் இயக்கம் அளித்த புகாரைத் தொடர்ந்து 2020இல் ஒன்றிய அரசின் தலையீட்டால் அந்த ஒப்பந்தப்புள்ளி இரத்தானது. பணிகள் 2022 சூனில்தான் தொடங்கின. இடைப்பட்ட காலம் எது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைப்பேசித் திரைக்குள் போன காலம் அது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி 2017–18இல் இந்திய ஊரக வீடுகளில் இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு மட்டுமே. இன்று கல்லூரியில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வெறும் புள்ளிவிவரம் அல்ல.

டான்பிநெட்டின் வடத்தில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும் 15 விழுக்காடு தரைவழியாகவும் செல்லும் என்று மாவட்ட ஆட்சியர்களின் செய்திக்குறிப்புகள் அறிவித்தன. கஜாவுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, கடலோர மாவட்டங்களுக்கும் சேர்த்து, மீண்டும் கம்பத்தையே நம்பிய திட்டம். செலவும் காலமும் குறைவு என்பது காரணம், ஓரளவு ஏற்கத்தக்கதும்கூட. அதே செய்திக்குறிப்புகளில் இன்னொரு வரியும் இருந்தது. கண்ணாடி இழையில் உலோகம் ஏதும் இல்லை, அதற்கு மறுவிற்பனை மதிப்பு இல்லை, சேதப்படுத்தினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. மக்களிடம் அரசு தன் வலையமைப்பை அறிமுகப்படுத்திய விதம் இது: இதைத் திருடுவதால் உங்களுக்குப் பயனில்லை. இதைப் பயன்படுத்துவதால் என்ன பயன் என்பதை விளக்க அத்தனை அக்கறை காட்டப்படவில்லை.

இன்னும் ஆழமான சிக்கல் அலகில் இருக்கிறது. பாரத்நெட்டின் கணக்கில் ஓர் ஊராட்சி இணைந்துவிட்டது என்றால் ஊராட்சி அலுவலகத்திலோ சேவை மையத்திலோ உள்ள பெட்டிக்கு ஒளி வந்துவிட்டது என்று பொருள். அந்த அலுவலகம் பொதுவாக ஊரில் இருக்கும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் 2.64 லட்சம் ஊராட்சிகளை வளைய அமைப்பில் இணைக்கும் என்கிறது. வளையம் நல்லதே. ஆனால் வளையம் ஊராட்சி அலுவலகத்தோடு முடிகிறது. அங்கிருந்து வீடு வரை பழைய மரக்கிளைதான். ஆக, வலுவானது ஊர் வரை. நொய்ந்தது ஊரிலிருந்து சேரி வரை. ‘நூறு விழுக்காடு இணைக்கப்பட்ட ஒன்றியம்’ என்ற பெயர்ப்பலகையின்கீழ் ஒரு குடியிருப்பு முழுவதும் இருளில் இருக்க இந்தக் கணக்குமுறை இடம் தருகிறது. குடிநீர்த் திட்டங்களிலும் சாலைத் திட்டங்களிலும் நாம் பார்த்த அதே கணக்குமுறைதான் இது.

கைப்பேசி இருக்கிறதே, வடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கஜாவின்போது கைப்பேசிக் கோபுரங்களும் மின்சாரமின்றி ஊமையாயின. இயல்பு நாளிலும், கட்டணம் ஏறிக்கொண்டேயிருக்கும் கைப்பேசித் தரவை வைத்து ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் படிக்க இயலாது. மறுபக்கம், அரசின் கேட்பு கூடிக்கொண்டே போகிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு செயலி வழியே மட்டும் என்றாக்கப்பட்டு, நாளொன்றுக்கு இருமுறை ஒளிப்படம் ஏற்றச் சொன்னார்கள். ஒளிப்படம் ஏறாவிட்டால், வெயிலில் நின்று மண்வெட்டிய பெண்ணின் கூலி கேள்விக்குறி. 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடையில் கைரேகை. 2022 முதல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையவழி முன்பதிவு. பட்டா இல்லாத குத்தகைச் சாகுபடியாளர் அதற்கும் முன்பே ஒரு சான்றுக்காக அலைய வேண்டும். உதவித்தொகை விண்ணப்பமும் கல்லூரிச் சேர்க்கையும் சொல்லவே வேண்டாம். உரிமைகளை இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த இணையத்தின் கடைசி அரைக் கிலோமீட்டரை ஒரு சிறு வணிகரின் இலாப நட்டக் கணக்கில் விட்டுவைத்திருக்கிறது அரசு. எண்ணிம அணுக்கம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் தொடுத்த வழக்கு அது. கிராமப்புற மக்களையும் விளிம்புநிலையினரையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே எண்ணுகிறது. அதைப் படுகையில் செயல்படுத்தச் சொல்லி இன்னும் நாம் உரக்கக் கேட்கவில்லை.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் 2023 சூன் 5 அன்று தொடங்கிய கே-போன் திட்டத்தில் மின்வாரியம் கம்ப வாடகை வாங்கும் வீட்டுக்காரர் அல்ல, பங்குதாரர். துணைமின் நிலையங்களே இணைய முனையங்கள். வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பது அங்கும் உள்ளூர்க் கேபிள்காரர்களே. தொகுதிக்கு நூறு வீதம் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று தொடங்கினார்கள். நடைமுறையில் தாமதம், குறைகள் எல்லாம் உண்டு. ஆயினும் யாருக்கு முதலில் என்ற கேள்வியைத் திட்டத்துக்குள்ளேயே எழுப்பினார்கள் என்பது பெரிது.

தொலைவிலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதி, கறுப்பின, இலத்தீனோ உழைக்கும் மக்கள் பெருமளவில் வாழும் அரசுக் குடியிருப்பு. அங்குள்ள ஒரு சமூக மையம் கூரைக்குக் கூரை கம்பியில்லாக் கருவிகளை வைத்து ஒரு சிறு வலையமைப்பைக் கட்டத் தொடங்கியிருந்தது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் தாக்கியபோது பெருநிறுவனங்களின் சேவை அங்கே முடங்கியது. இந்தச் சிறு வலையமைப்பு செயல்பட்டது. உதவி கேட்கவும் உறவினரைத் தேடவும் மக்கள் அதைப் பயன்படுத்தினர். பின்னர் அப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்று அதைப் பராமரித்தனர். நம் படுகையின் நிலம் அதற்கு இன்னும் ஏற்றது: மேடு பள்ளமில்லாத வயல்வெளி. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் தேவைப்படாத பகுதி 2018 முதல் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஊராட்சி அலுவலகக் கூரையில் ஒன்று, சேரியின் சமுதாயக்கூடத்திலோ ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலோ ஒன்று, சூரிய மின்தகட்டோடு ஒரு மின்கலம் – வடம் அறுந்தாலும் ஓர் மாற்றுவழி நிற்கும். பெருந்தொகை தேவைப்படும் வேலையன்று.

அதை யார் நடத்துவது என்பதே கூர்மையான கேள்வி. டான்பிநெட் ஊரகங்களில் வீட்டு இணைப்புத் தரத் தொழில் பங்கீட்டாளர்களை விண்ணப்பிக்க அழைத்துவருகிறது. இன்றைய கேபிள் தொழிலின் உடைமை யார் கையில் என்பதை அவரவர் ஒன்றியத்தில் எண்ணிப் பார்க்கலாம். கம்பமேறும் கைகள் யாருடையவை என்பதையும் சேர்த்து எண்ணலாம். சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர் உரிமையாளராக ஊர்த்தெருவுக்குள் வடம் இழுக்கவும், வீடுகளுக்குள் சென்று மோடம் பொருத்தவும், நிலுவைக் கட்டணத்தைக் கேட்டுக் கதவைத் தட்டவும் முடியுமா? முடியும் இடங்கள் பெருக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது, ஒன்றரைக் கோடி ரூபாய் உச்சவரம்பில். இந்தத் திட்டமும் டான்பிநெட் பங்கீட்டாளர் அழைப்பும் ஒன்றையொன்று அறியாத இரு துறைகளின் இரு கோப்புகளாகக் கிடக்கக்கூடாது. ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல் சாதிப் பங்கீட்டாளர் என்று ஒதுக்கீடு செய்வதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2024இல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கிச் செலவிடுவதைக் கடமையாக்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஊர் முழுவதற்குமான பொதுத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கைத் துணைத்திட்டக் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. இணையத்திலும் அது நடக்கும். அந்த நிதி சேரிக்குச் செல்லும் இரண்டாவது வடத்துக்கும், சேரிக்குள் வைக்கப்படும் முனையத்துக்கும், அதன் மின்கலத்துக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்று வரையறுத்துக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கான இடம்தான் இப்போது சுருங்கியிருக்கிறது. தஞ்சாவூர் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தனர். தனித்தொகுதியில் வென்று தலைவரான தலித் பெண், குறைந்தபட்சம் கேள்வி கேட்கக்கூடிய நாற்காலியில் இருந்தார்; தனி அலுவலரிடம் மனுதான் கொடுக்க முடியும். ஆனாலும் கிராம சபை இருக்கிறது. அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவும், நவம்பர் 1 கூட்டம் அதன் நடுவிலும் வருகின்றன. பூதலூர் ஒன்றியத்தின் 42 ஊராட்சிகளிலும் மாணவர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கேள்விகள் இவை: டான்பிநெட்டின் பெட்டி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அது வேலை செய்கிறதா, அதன் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? அங்கிருந்து நம் குடியிருப்புக்கு வடம் எத்தனை கம்பங்கள் வழியாக வருகிறது, ஒரு வழியா, இரு வழியா? கம்பம் விழுந்தால் சீரமைக்கும் வரிசையை எழுதி வைத்திருக்கிறார்களா, அதில் நம் குடியிருப்பு எத்தனையாவது? பதில் வராவிட்டால் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். கூட்டத்துக்கு முன்தினம், ஊராட்சி அலுவலகத்திலிருந்து சேரியின் கடைசி வீடு வரை நடந்து கம்பங்களை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.